கிண்ணம் பெனால்டிக்குப் போகும்போது: வாசகர் கேள்வி – பதில்

தேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் ஒன்று பெனால்டியில் முடிந்தால், மறுநாள் கோப்பிக்கடையில் பாதிப் பேர் "எல்லாம் அதிர்ஷ்டம்" என்பார்கள். மீதிப் பேர் நடுவரைத் திட்டுவார்கள். இரண்டு பேச்சுக்கும் பதில் விதிப் புத்தகத்திலும் பயிற்சித் திடலிலும் இருக்கிறது. வந்த கேள்விகளில் நம் அக்கம்பக்கக் குழுக்களுக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: 120 நிமிடம் உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு, கடைசியில் பெனால்டியில் கிண்ணத்தைத் தூக்கிக் கொடுப்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தானே? (பிடோக் வாசகர்)

சீட்டுக் குலுக்குவதை ஒழிக்கத்தான் பெனால்டி முறையே வந்தது. 1968 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் 120 நிமிடமும் கோல் இல்லாமல் முடிக்க, நாணயம் சுண்டி இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் காலிறுதியில் இஸ்ரேல், பல்கேரியாவிடம் சீட்டுக் குலுக்கலில் தோற்றது. பொறுக்க முடியாத இஸ்ரேலியர்கள் பெனால்டி யோசனையை ஃபிஃபாவுக்கு எழுதினார்கள். நடுவர் குழுவில் அதை முன்னெடுத்துச் சென்றவர் நம் பக்கத்து மலேசியாவின் கோ இவ் தேக். 1970 ஜூன் மாதம் அது விதியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹல் சிட்டிக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட்டின் ஜார்ஜ் பெஸ்ட் இங்கிலாந்தின் முதல் ஷூட்அவுட் (சமநிலைக்குப் பின் இரு குழுவும் மாறி மாறிப் பெனால்டி உதைப்பது) உதையை உதைத்தார். அதே ஆட்டத்தில் முதலில் தவறவிட்டவர் டெனிஸ் லா.

இனி அதிர்ஷ்டத்துக்கு வருவோம். ஆட்டத்தின் நடுவே கிடைக்கும் பெனால்டிகளில் நான்கில் மூன்றுக்குக் குறையாமல் கோலாகின்றன. உலகக் கிண்ண ஷூட்அவுட்களில் அது பத்துக்கு ஏழு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. தூரம் அதே 11 மீட்டர், கம்பங்களின் இடைவெளி அதே 7.32 மீட்டர். மாறுவது களைத்த காலும் கலங்கிய மனமும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் எடுத்த கணக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 'இது போனால் வெற்றி' என்ற உதைகளில் பத்துக்கு ஒன்பது கோலாகின்றன. 'இது போகாவிட்டால் தோல்வி' என்ற உதைகளில் ஏறக்குறைய ஆறுதான். இரண்டிலும் உதைப்பது ஒரே தரத்து ஆட்டக்காரர்கள்தான். அதிர்ஷ்டத்துக்கு இப்படி ஒரு பக்கமாகச் சாயத் தெரியாது. நெருக்கடியில் உதைப்பது ஒரு திறன், அதைப் பயிற்சியில் வளர்க்கலாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: 85ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்த ஆட்டக்காரரைப் பெனால்டிக்கு மட்டும் திரும்ப இறக்கலாமா? எங்கள் குழுவில் இதற்காகவே ஒரு வாக்குவாதம். (தெம்பனிஸ் வாசகர்)

முடியாது. ஆட்டம் முடிந்ததாக நடுவர் விசில் ஊதும் கணத்தில் திடலில் இருப்பவர்கள் மட்டுமே உதைக்கலாம். காயத்துக்கு மருந்து போடவோ காலணியைச் சரிசெய்யவோ அந்த நேரம் கோட்டுக்கு வெளியே நின்றவரும் அவர்களில் சேர்த்தி.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: கோல்காப்பாளர். பெனால்டிக்கு முன்போ நடுவிலோ அவரால் தொடர முடியாமல் போனால், குழுவிடம் மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை மிச்சமிருந்தால், பட்டியலில் உள்ள ஒருவர் உள்ளே வரலாம். வெளியேறிய கோல்காப்பாளர் அதன்பின் உதைக்கவும் முடியாது. மற்ற எவருக்குக் காயம் பட்டாலும் பதிலாள் கிடையாது.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி 10 பேராகிவிட்டால், 11 பேர் உள்ள குழுவும் ஒருவரை விலக்கி 10 ஆக வேண்டும். இல்லாவிட்டால் 10 பேர் குழுவின் முதல் உதைப்பாளர், மறுபக்கத்தின் 11ஆவது ஆளுக்கு எதிராக இரண்டாம் சுற்றைத் தொடங்கிவிடுவார். விலக்கப்படுபவரின் பெயரையும் எண்ணையும் நடுவரிடம் சொல்ல வேண்டும். யாரை விலக்குவது என்பது குழுவின் விருப்பம். உதைப்பதில் ஆகப் பலவீனமானவரைச் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பதற்றத்தில் கையில் கிடைத்தவரை விலக்கி இந்த வாய்ப்பை வீணாக்கும் குழுக்கள் நிறைய. விலக்கப்பட்டவர், கோல்காப்பாளருக்கு ஏதாவது ஆனால் அவர் இடத்துக்கு வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஐந்து பேர் பட்டியலை நடுவரிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டுமா? ஆகச் சிறந்த உதைப்பாளரை எத்தனையாவது ஆளாக அனுப்புவது? (செங்காங், இளையர் குழுப் பயிற்றுநர்)

நடுவரிடம் எந்த வரிசையும் கொடுக்க வேண்டியதில்லை. நினைத்தால் நடுவிலும் மாற்றலாம். தகுதியுள்ள எல்லாரும், கோல்காப்பாளர் உட்பட, ஒருமுறை உதைத்து முடிக்கும்வரை எவரும் இரண்டாம் முறை உதைக்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு. இரண்டாம் சுற்று வந்தால் வரிசையை மறுபடி புதிதாக அமைக்கலாம்.

சிறந்தவரை ஐந்தாவதாக வைக்கும் பழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. 2012 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் போர்ச்சுகலின் ரொனால்டோவும், 2022 பிப்ரவரி ஆப்பிரிக்கக் கிண்ண இறுதியில் எகிப்தின் சாலாவும் கடைசி உதைக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஐந்தாவது உதை நிச்சயம் நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. முதல் மூன்று உதைகள் நடந்தே தீரும்.

எங்கள் பரிந்துரை இது. ஆகச் சிறந்தவர் முதல் உதை. அது கோலானால் பின்னால் நிற்பவர்களின் இறுக்கம் தளரும். இரண்டாவது, மூன்றாவது உதைகளுக்கு அடுத்த தரத்தினர். நான்காவதும் ஐந்தாவதும் 'தவறினால் தோல்வி' உதைகளாக மாறக்கூடியவை, அங்கே கால் திறமையைவிட நிதானம் முக்கியம். இருபது வயது நட்சத்திரத்தைவிட, திட்டினாலும் முகம் மாறாத முப்பது வயது தற்காப்பு ஆட்டக்காரர் அங்கே பொருத்தமாக இருப்பார். "யாருக்கு விருப்பம்?" என்று நடுவட்டத்தில் நின்று கேட்காதீர்கள். கூச்சத்தில் கை தூக்குபவரும் உண்டு, பயத்தில் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிபவரும் உண்டு. பயிற்றுநர் முன்பே முடிவெடுத்து, ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

பட்டியலில் ஐந்து பெயர் போதாது, பதினொன்றும் வேண்டும். 2022 எஃப்ஏ கிண்ண இறுதியில் லிவர்பூலும் செல்சியும் 120 நிமிடம் கோலின்றி முடித்தன. பெனால்டியில் செல்சியின் இரண்டாவது உதை கம்பத்தில் பட்டது, லிவர்பூலின் ஐந்தாவதை மெண்டி தடுத்தார். செல்சியின் ஏழாவது ஆளாக வந்த மேசன் மவுண்டின் உதையை லிவர்பூலின் அலிசன் தடுத்தார். லிவர்பூலின் ஏழாவது ஆள் சிமிகாஸ், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய இடதுபுறத் தற்காப்பாளர். கிண்ணம் அவர் காலில்தான் முடிவானது. அதே இரண்டு குழுக்கள் சில மாதங்களுக்கு முன் லீக் கிண்ண இறுதியில் 22 உதைகள் வரை போய், கோல்காப்பாளர்களே உதைக்க வேண்டிவந்தது. லிவர்பூலின் கெலஹர் போட்டார், செல்சியின் கெப்பா கம்பத்துக்கு மேலே அடித்தார். 11-10.

கேள்வி: பெனால்டிக்காகவே ஒரு கோல்காப்பாளரை 119ஆவது நிமிடத்தில் இறக்குவது நல்ல உத்தியா? (ஈசூன் வாசகர்)

2014 உலகக் கிண்ணக் காலிறுதியில் நெதர்லாந்து, கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் டிம் குருலை இறக்கியது. அவர் கோஸ்டா ரிக்காவின் இரண்டு உதைகளைத் தடுத்தார். 2022இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ரெட்மேன் பெருவுக்கு எதிராக அதே வேலையைச் செய்து நாட்டை உலகக் கிண்ணத்துக்கு அனுப்பினார். மேலே சொன்ன கெப்பாவும் அப்படி இறக்கப்பட்டவர்தான். பதினொரு உதையில் ஒன்றையும் தடுக்கவில்லை.

இறங்குபவர் எதிரணி உதைப்பாளர்களைப் படித்துவிட்டு வந்திருந்தால் பயனுண்டு. வெறும் உயரத்துக்காகவோ பெயருக்காகவோ இறக்கினால் பயனில்லை. நடைமுறையில் தவறுவது வேறோர் இடத்தில்: பந்து வெளியே போகாமல் மாற்றம் நடக்காது. 119ஆவது நிமிடத்தில் நான்காவது நடுவரிடம் சீட்டைக் கொடுத்தால், பந்து வெளியேறுவதற்குள் விசில் ஊதிவிடலாம். 116இல் கொடுத்துவிடுங்கள். அதற்காக ஒரு மாற்று இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கவும் வேண்டும்.

உதைப்பவரை இப்படி இறக்குவது இன்னும் ஆபத்து. 2021இல் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியில் இங்கிலாந்து ரேஷ்ஃபர்டையும் சாஞ்சோவையும் கூடுதல் நேரத்தின் கடைசியில் இறக்கியது. பந்தைச் சரியாகத் தொடக்கூட நேரமில்லாமல் உதைக்க வந்த இருவரும் தவறவிட்டார்கள். உதைப்பாளர் என்று இறக்கினால், குறைந்தது பத்து நிமிடமாவது ஓடிப் பந்தைத் தொட்டு உடம்பு சூடாகும்படி இறக்குங்கள்.

கேள்வி: கோல்காப்பாளர் கோட்டில் ஆடலாம், முன்னால் வரக்கூடாது என்கிறார்கள். சரியான விதி என்ன? (உட்லண்ட்ஸ், பள்ளிக் குழுக் கோல்காப்பாளர்)

பந்து உதைக்கப்படும் கணத்தில் ஒரு பாதத்தின் ஏதாவது ஒரு பகுதி கோல் கோட்டைத் தொட்டோ, கோட்டுக்கு நேராகவோ, கோட்டுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். ஒரு கால் கோட்டில், மற்றது ஓர் அடி முன்னால் என்பது சட்டப்படி சரி. அந்த ஓர் அடி உங்களுக்குப் பெரிய உதவி, ஏனென்றால் கோணம் குறுகும். பின்கால் காற்றில் தூக்கியிருந்தாலும், கோட்டுக்கு மேலே இருந்தால் குற்றமில்லை.

முன்கூட்டி நகர்ந்து தடுத்துவிட்டால் மறுபடி உதைக்கச் சொல்வார்கள். முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை மஞ்சள் அட்டை. முன்கூட்டி நகர்ந்தும் கோலாகிவிட்டால் கோல் கோல்தான். பந்து உங்கள் மேல் படாமலே வெளியே போனாலோ கம்பத்தில் பட்டுத் திரும்பினாலோ, உங்கள் நகர்வு உதைத்தவரைத் தெளிவாகப் பாதித்திருந்தால் மட்டுமே மறு உதை.

கோட்டின் மேல் பக்கவாட்டில் அசையலாம், கைகளை விரிக்கலாம். கம்பத்தையோ வலையையோ தொடுவதும், வேண்டுமென்றே தாமதிப்பதும் உதைப்பவரின் கவனத்தைச் சிதைப்பதாகக் கணக்கு. 2023இல் விதியின் வாசகம் இதற்காகவே இறுக்கப்பட்டது. 2022 உலகக் கிண்ண இறுதியில் அர்ஜென்டினாவின் மார்ட்டினெஸ் பந்தை எடுத்து அப்பால் எறிந்து பிரான்ஸின் சுவாமெனியை நடக்கவைத்தாரே, அதைப் பார்த்துப் பழகாதீர்கள்.

கேள்வி: உதைக்கும்போது வழுக்கி, பந்து இரு காலிலும் பட்டு உள்ளே போனால்? (பொங்கோல் வாசகர்)

2025 மார்ச்சில் ரியால் மட்ரிட்டுக்கு எதிராக அட்லெட்டிகோவின் ஹூலியன் அல்வாரெஸுக்கு நடந்தது இதுதான். கோல் செல்லாது என்று முடிவானது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு விதி தெளிவாக்கப்பட்டது. தெரியாமல் இரு முறை பட்டு, பந்து உள்ளே போனால் மறுபடி உதைக்கலாம். உள்ளே போகாவிட்டால் தவறிய உதை. வேண்டுமென்றே இரண்டாம் முறை தொட்டால் எப்போதுமே தவறிய உதைதான்.

கேள்வியோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுகிறோம்: ஓடி வரும்போது நின்று நின்று வருவது, வேகத்தை மாற்றுவது எல்லாம் அனுமதி. ஓடி முடித்துப் பந்தருகே வந்தபின் உதைப்பது போல் காட்டி ஏமாற்றினால் அந்த உதை போயிற்று, மஞ்சள் அட்டையும் உண்டு. நம் இளையர் குழுக்களில் இந்தத் தவறு சர்வ சாதாரணம்.

கேள்வி: மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பி, கோல்காப்பாளரின் முதுகில் பட்டு உள்ளே போனால் கோலா? (ஹவ்காங் வாசகர்)

கோல். 1986 உலகக் கிண்ணத்தில் பிரேசிலுக்கு எதிராகப் பிரான்ஸின் பெல்லோன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுக் கோல்காப்பாளர் கார்லோஸின் மேல் பட்டு உள்ளே போனது, கணக்கில் சேர்ந்தது. பந்து நிற்கும்வரை அல்லது வெளியே போகும்வரை உதை முடியவில்லை. 2017இல் தாய்லாந்தில், மேல்கம்பத்தில் பட்ட பந்து வானத்துக்கு எழும்ப, தப்பித்தோம் என்று கோல்காப்பாளர் ஓடிக் கொண்டாடினார். பின்னால் விழுந்த பந்து சுழன்று உருண்டு கோலுக்குள் போய்விட்டது. கோல்காப்பாளர்களே, பந்து அசையாமல் நிற்கும்வரை அதை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: நாணயம் சுண்டுவதில் வென்றால் முதலில் உதைப்பதா, இரண்டாவதா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

இரண்டு முறை சுண்டுவார்கள். முதல் முறை எந்தப் பக்கக் கோலில் உதைப்பது என்பதற்கு. அடுத்த முறை வென்றவர் முதலா இரண்டாவதா என்று தேர்ந்தெடுப்பார். முதலில் உதைப்பவர் 60 விழுக்காடு வெல்கிறார் என்று ஓர் ஆய்வு சொல்லப்போய்த்தான் பெரிய பேச்சு எழுந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. அ-ஆ-ஆ-அ என்று மாற்றி உதைக்கும் முறையை 2017இல் பரிசோதித்து, மறு ஆண்டே கைவிட்டார்கள். முதலில் உதையுங்கள், ஆனால் கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழு வாரத்துக்கு இரண்டு மாலைதான் சேர்ந்து பயிற்சி செய்கிறது. பெனால்டிக்கு எப்படித் தயாராவது? (புக்கிட் பாத்தோக், அக்கம்பக்கக் குழுத் தலைவர்)

தாகம் எடுத்தபின் கிணறு வெட்ட முடியாது. இறுதியாட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். பயிற்சி முடிந்து எல்லாரும் களைத்திருக்கும் கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். புத்துணர்வோடு இருக்கும்போது வரிசையாகப் பத்து உதை உதைத்துப் பார்ப்பது பெனால்டிப் பயிற்சியே அல்ல. ஆட்டத்தில் கிடைப்பது ஒரே உதை.

அதனால் பயிற்சியிலும் ஆளுக்கு ஒன்றே கொடுங்கள். எல்லாரும் நடுவட்டத்தில் தோளில் கைபோட்டு நிற்கட்டும். பெயர் சொன்னதும் ஒருவர் தனியாக நடந்து வரட்டும். முழு அளவுத் திடலில் வட்டத்தின் விளிம்பிலிருந்து பெனால்டிப் புள்ளி முப்பது மீட்டருக்கு மேல். அந்த நடைதான் பலரைக் கவிழ்க்கிறது. நடக்கும்போதே இடத்தை முடிவு செய்து, அதன்பின் மாற்றக் கூடாது. மற்றவர்கள் சத்தம் போடட்டும், தவறவிட்டவர் அன்று பந்துப் பைகளைத் தூக்கட்டும். சின்னதாகவாவது ஓர் இழப்பு இருந்தால்தான் இதயம் துடிக்கும்.

உதைக்கும் முறைக்கு வருவோம். பந்தை நீங்களே கையில் வாங்கி நீங்களே வையுங்கள். பந்தின் ஒரு பகுதி புள்ளியின் மையத்தின் மேல் இருந்தால் போதும், சற்று முன்பின் நகர்த்திச் சமமான இடத்தில் வைக்கலாம். நம் செயற்கைப் புல்திடல்களில் பெனால்டிப் புள்ளியைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் துகள் குவிந்து கிடக்கும். ஊன்றும் கால் விழும் இடத்தை, பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில், காலணியால் துடைத்துவிடுங்கள். மாலை மழைக்குப் பிறகு காலணியின் அடிப்பாகத்தையும் துடையுங்கள். 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதியில், மாஸ்கோ மழையில் செல்சியின் ஜான் டெரிக்கு ஊன்றுகால் வழுக்கிப் பந்து கம்பத்தில் பட்டது. அது போயிருந்தால் கிண்ணம் அவர்களுடையது.

ஐந்தாறு எட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். விசில் ஊதியவுடன் பாயாதீர்கள். யோர்டெட் கணித்த இன்னொரு செய்தி, விசிலுக்கு உடனே ஓடியவர்கள் அதிகம் தவறவிட்டார்கள் என்பது. சீக்கிரம் முடிந்துவிட்டால் போதும் என்ற அவசரம் அது. மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுப் பிறகு ஓடுங்கள். கம்பத்துக்கு அரை மீட்டர் உள்ளே குறி வையுங்கள். கம்பத்தையே குறி வைத்தால் சிறு பிழையும் வெளியே போகும். உயரத்தில் போடும் பந்தைத் தடுப்பது ஆகக் கடினம், ஆனால் தவறுவதும் அதுவே அதிகம். உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து மேலே பறக்கும். 1994 உலகக் கிண்ண இறுதியில் இத்தாலியின் பாஜியோவின் பந்து மேல்கம்பத்தைத் தாண்டிப் பறந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

கோல்காப்பாளர் நகர்வதைப் பார்த்து எதிர்ப்பக்கம் போடும் முறை அழகானது. ஆனால் கால் பந்தைத் தொட அரை நொடிக்கும் குறைவாக இருக்கும்போது முடிவை மாற்றினால் உதை தடுமாறும். அந்த முறையை மாதக்கணக்கில் பழகியவருக்கு மட்டும் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்து, அதையே பலமாக, தாழ்வாகப் பழகட்டும்.

யார் எந்தப் பக்கம் உதைத்தார், கோலா தடுப்பா வெளியா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலு வாரத்தில் உங்கள் வரிசை தானாகவே தெரிந்துவிடும். பயிற்றுநரின் ஊகத்தைவிட அந்த நோட்டை நம்பலாம்.

கேள்வி: கோல்காப்பாளர் பாய்வதா, நிற்பதா? எதிரணி உதைப்பாளர்களைப் பற்றித் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய குறிப்பு உண்மையில் உதவுமா? (தோ பாயோ வாசகர்)

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 11 மீட்டரைக் கடக்க 0.4 நொடிதான். பந்தைப் பார்த்தபின் கிளம்பினால் கம்பத்தோரப் பந்தை எட்ட முடியாது. அதனால் கொஞ்சமாவது ஊகிக்க வேண்டும். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்தபோது, பந்துகளில் ஏறக்குறைய 29 விழுக்காடு நடுவில் வந்தன, கோல்காப்பாளர்கள் நடுவில் நின்றது 6 விழுக்காடுதான். நின்றபடி கோல் வாங்கினால் ஒன்றும் செய்யாமல் இருந்ததாகத் தோன்றும் என்ற கூச்சமே காரணம் என்கிறார்கள். ஐந்தில் ஒன்றுக்காவது நடுவில் நின்று பாருங்கள். 1976இல் செக்கோஸ்லோவாகியாவின் பனென்கா மெதுவாக நடுவில் தூக்கிப் போட்டு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது, கோல்காப்பாளர் பாய்ந்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான்.

குறிப்பு உதவும், துல்லியமாக இருந்தால். 2006இல் ஜெர்மனியின் லேமன் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் காலுறைக்குள் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் உதைப்பாளர்களின் பழக்கம் எழுதியிருந்தது. அக்கம்பக்கப் போட்டியிலும் எதிரணியின் முந்தைய ஆட்டங்களைக் கைப்பேசியில் பதிவு செய்து, முக்கியமான மூன்று நான்கு பேருக்குக் குறிப்பு எடுக்கலாம். பாட்டிலில் பெயர் வேண்டாம், சட்டை எண்ணும் ஓர் அம்புக்குறியும் போதும். குறிப்பு இல்லாதவர்களுக்கு ஊன்றுகாலின் பாதத்தைப் பாருங்கள். அது திரும்பும் பக்கம் பந்து போகும் வாய்ப்பு அதிகம். கண்ணைப் பார்க்காதீர்கள், கண் பொய் சொல்லும்.

கேள்வி: சிங்கப்பூரில் பெனால்டியில் முடிந்த பெரிய ஆட்டங்கள் எவை? (அங் மோ கியோ வாசகர்)

சிங்கப்பூர்க் கிண்ண இறுதியாட்டங்களில் 2017ஐச் சொல்லலாம். அல்பிரெக்ஸ் நீகாத்தா, பிலிப்பீன்ஸின் குளோபல் செபுவைப் பெனால்டியில் வென்றது. ஆனால் நம் மக்கள் மனத்தில் நிற்பது 2007 ஆசியான் கிண்ண அரையிறுதி. பழைய தேசிய விளையாட்டரங்கத்தில் மலேசியாவை 5-4 என்று வென்றோம், நம் கோல்காப்பாளர் லயனல் லூயிஸ் தடுத்த உதைதான் வித்தியாசம். சிங்கப்பூர் இறுதியிலும் வென்று கிண்ணத்தைத் தக்கவைத்தது. எல்லை தாண்டினால், 2016 மலேசியக் கிண்ண இறுதியில் கெடா சிலாங்கூரை 6-5 என்றும், 2018இல் பேராக் திரங்கானுவை 4-1 என்றும் பெனால்டியில் வென்றன.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் கிண்ணப் போட்டி நடத்துகிறோம். பெனால்டிக்காக விதித்தாளில் என்னென்ன எழுத வேண்டும்? (சுவா சூ காங், ஏற்பாட்டாளர்)

கூடுதல் நேரம் உண்டா, நேராகப் பெனால்டியா என்பதை முதலில் எழுதுங்கள். வெயிலில் ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடும் குழுக்களுக்கு நேராகப் பெனால்டியே நல்லது, தசைப்பிடிப்பு குறையும். ஐந்து உதையா மூன்றா என்பதையும், சமமானால் அதன்பின் ஒவ்வொன்றாக என்பதையும் குறிப்பிடுங்கள். ஃபுட்சால் அரங்கில் நடத்தினால் புள்ளி 6 மீட்டரில் இருக்கும், கோல் 3 மீட்டர் அகலம். அங்கே மாற்று ஆட்டக்காரர்களும் உதைக்கலாம் என்பதால் இங்கே சொன்ன 'திடலில் இருப்பவர் மட்டும்' விதி பொருந்தாது.

மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் உடனே கூரைக்குள் போக வேண்டும், இதில் பேச்சே இல்லை. அதுவரை உதைத்த உதைகள் செல்லும், விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று முன்பே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், பின்தங்கியிருந்த குழு முதலிலிருந்து தொடங்கச் சொல்லும்.

உதைகளைக் குறிக்க இருவர் வேண்டும். நடுவர் ஒருவர், மேசையில் இன்னொருவர். சட்டை எண்ணையும் சேர்த்துக் குறியுங்கள். எட்டாவது ஒன்பதாவது உதைக்கு வரும்போது யார் உதைத்தார், யார் மிச்சம் என்பதில்தான் சண்டை மூளும். பயிற்றுநர்கள் திடலுக்குள் நிற்கக் கூடாது. உதைப்பவரையும் இரு கோல்காப்பாளர்களையும் தவிர எல்லாரும் நடுவட்டத்துக்குள். உதைக்கும் குழுவின் கோல்காப்பாளர் பெனால்டிப் பகுதிக்கு வெளியே, அதன் கோடு கோல் கோட்டைச் சந்திக்கும் இடத்தில் நிற்க வேண்டும்.

கேள்வி: ஆட்டத்தில் மஞ்சள் அட்டை வாங்கியவர் பெனால்டியின்போது இன்னொன்று வாங்கினால் வெளியேற்றமா? பெனால்டியில் போட்ட கோல், அதிகக் கோல் போட்டவர் பரிசுக்குச் சேருமா? (கிளமெண்டி வாசகர்)

வெளியேற்றம் இல்லை. ஆட்டத்தின் மஞ்சள் அட்டை பெனால்டிக்குத் தொடராது. பெனால்டி நடக்கும்போதே இரண்டு வாங்கினால் வெளியேற வேண்டும். நேரடிச் சிவப்பு எப்போதும் போலவே. கோல் கணக்கில் சேராது. ஏடுகளில் ஆட்டம் சமநிலை என்றே பதிவாகும், பெனால்டி முடிவு பக்கத்தில் தனியாக எழுதப்படும்.